பூட்டிய பெட்டிக்குள் தளர்ந்த கம்பிகள்

எனக்குப் பயம் அதிகம். பஸ்ஸில் பிரேக் பிடிக்காதோ, ஸ்டவ் வெடித்துவிடுமோ, கதவைப் பூட்டினேனா இல்லையா என்று பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். ஆனால் பேய், ஆவி என்றால் மட்டும் சிரிப்புத்தான் வரும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், அதற்காக யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மேற்கொண்டு கேட்டால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பீர்கள்.

எண்பதுகளில் அரியலூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தேன். எனக்கு முன்னால் வாசித்த ஸ்டீபன் அண்ணன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபின், அவர் வீட்டம்மா குழுவுக்கே கொடுத்துவிட்ட கிட்டார் அது. எங்கள் ஆர்மோனியம் சுருதியில் அரைக்கட்டை தூக்கல். பாடுகிறவர்களுக்கு அது பழகிவிட்டதால் கிட்டார் கம்பியையும் அதற்கே ஏற்றி முறுக்குவோம். தடித்த கம்பிகள் இழுத்த இழுப்பில் கழுத்துக் கட்டை வில்லாக வளைந்துவிட்டது. கம்பி தூக்கிக்கொண்டு நின்றது, அழுத்தினால் விரல் வலித்தது, சுருதியும் சேரவில்லை.

கல்லங்குறிச்சியில் ஒரு கல்யாணக் கச்சேரி முடிந்ததும் குழுத் தலைவர் தங்கராசு அண்ணன் கூப்பிட்டார்.

"பேஸாடா அது? தவள கத்துற மாதிரி இருக்கு. வர்ற வெள்ளிக்கிழம சிறுவாச்சூர், வாரத்துல ரெண்டு நாளுதான் கோயில் தொறப்பாங்க, கூட்டம் அள்ளும். அங்கயும் இப்படின்னா கீபோர்டு ஒண்ணு வாங்கி அதுலயே பேஸையும் வாசிச்சிக்கிறோம். கோச்சிக்காத."

எனக்கு வேறு தொழில் தெரியாது. லேத் பட்டறையில் எல் வடிவத்தில் ஒரு சாவி செய்து வாங்கி, கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். உடைந்துவிடுமோ என்று ஒவ்வொரு திருப்பலுக்கும் வியர்த்தது. கட்டை நிமிர்ந்தது. புதுக் கம்பி போட்டு, உயரத்தைக் குறைத்து, சுருதி சேர்த்தேன். அதே இழுப்பில் இருந்தால்தான் கம்பி வெள்ளிக்கிழமைக்குள் படியும் என்று பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன்.

காலையில் திறந்தால் நாலு கம்பியும் தொளதொளவென்று கிடந்தன. புதுக் கம்பி இறங்குவது சகஜம்தான், இது அப்படி இல்லை. நாலும் ஒரே அளவாக, யாரோ பொறுமையாக உட்கார்ந்து இறக்கிய மாதிரி. என் மனைவி செல்வியிடம் கேட்டேன்.

"பூட்டுன பொட்டி, சாவி ஒங்க இடுப்புல. நான் என்ன மாயக்காரியா? வூட்டுல வேற வேல இல்லன்னா அதையே கட்டிக்கிட்டுப் படுங்க."

மறுபடி ஏற்றினேன். மறுநாளும் அதே கதை. டிரம்ஸ் வாசிக்கிற காசிமிடம் சொன்னேன், அவன் சிரிக்கவில்லை.

"ஸ்டீபண்ணன் கச்சேரி முடிஞ்சா டீ கூட குடிக்க மாட்டாருண்ணே. கம்பிய எறக்கிட்டுத்தான் மத்தது. ஏத்துனபடியே வச்சா கட்ட வளஞ்சிடும்பாரு. ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், நல்ல வெயில். இன்றைக்கு விடுவதில்லை என்று கிட்டாரை மடியில் வைத்துக் கம்பியை ஏற்றிவிட்டு, கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். நம்பினால் நம்புங்கள், தடித்த கம்பியை முறுக்கும் திருகு என் விரல்களுக்குள்ளேயே சுற்றியது. வெடுக்கென்று இல்லை, மெதுவாக, பழகின கை திருப்புகிற மாதிரி. எதிர்ப்பக்கமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, இன்னிக்கு வாசிச்சாத்தான் எனக்குச் சோறு. முடிஞ்சதும் நானே எறக்கிடுறேன், சத்தியமா."

திருகு நின்றது.

அன்று சாயங்காலம் முதல் பாட்டிலேயே தங்கராசு அண்ணன் மேடையில் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். கீபோர்டு பேச்சு அதோடு போயிற்று. கடைசிப் பாட்டு முடிந்ததும் டீக்குக்கூடப் போகாமல் கம்பியை இறக்கினேன். குழு கலைகிறவரை ஒரு கச்சேரியிலும் அது தவறியதில்லை, கட்டையும் வளையவில்லை.

குழு கலைந்தபோது என்னிடமே விட்டுவிட்ட கிட்டார் இப்போது என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. துருப்பிடித்த கம்பிகளை எப்போதோ கழற்றிவிட்டேன். சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற ரோட்டோர வீடு, துடைக்காமல் விட்டால் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் படியும். கிட்டாரும் வெளுத்துத்தான் கிடக்கிறது. நான் தொடுவதில்லை, செல்வி அந்தப் பக்கமே போவதில்லை. அந்த நாலு திருகுகள் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லாமல், இப்போதுதான் யாரோ கையை எடுத்த மாதிரி பளபளவென்று இருக்கின்றன.