ஊர்க்கிணறு என்று எழுதிய தாள்கள்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். வகுப்பில் சாக்பீஸை விட்டெறிந்தவன் நான். நாலு பையன்களைக் கட்டி மேய்க்க என்னைப் போய் அனுப்பினார்களே, அவர்களைச் சொல்லவேண்டும்.

யுத்தம் முடிந்திருந்த சமயம். மதுரையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆனர்ஸ் மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கிராமத்தை வீடு வீடாக விசாரித்து, ஒரே அறிக்கையாகப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கவேண்டும். திருச்சுழிக்கு ரெண்டு மைல் முன்னால் ஒரு கரிசல் ஊர். பள்ளிக்கூடத்தில் தங்கல். வீட்டுக்கு ஒரு தாள். தெருக்களை நாலாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தேன். ஓடைக்கு அப்பால் இருந்த சேரி, பாலவனத்தம் பக்கத்தில் நிலபுலம் உள்ள சம்சாரி வீட்டுப் பையனுக்கு விழுந்தது. சீட்டைப் பார்த்தவன் அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சமர்த்துப் பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில், திருச்சுழியில் முகாம் போட்டிருந்த ஜில்லா போர்டு இன்ஜினியர் ஒருவர் வந்தார். "இந்த ஊருக்கு ஒரு கிணறு சாங்ஷன் ஆயிருக்கு சார். எந்தத் தெரு தண்ணிக்கு ரொம்பக் கஷ்டப்படுதுன்னு உங்க பசங்க தாளைப் பாத்து எழுதிக் குடுங்க. அங்கேயே வெட்டிருவோம்" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டாம் நாளே தாள்களைப் புரட்டி, 'வடக்குத் தெரு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

பத்தாம் நாள், கடைசி நாள். ஒருவன் தாளை இன்னொருவன் சரிபார்க்கவேண்டும் என்பது என் ஏற்பாடு. சேரித் தாள்கள் அருப்புக்கோட்டை வேதக்காரப் பையனிடம் வந்தன. அவன் அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். பையன் ஒவ்வொரு தாளாகத் திருப்பினான். பிறகு மறுபடியும் முதலிலிருந்து திருப்பினான்.

"ஏலே, இருபத்திரண்டு வீட்டுக்கும் தண்ணி ஊர்க்கிணறுன்னு எழுதியிருக்கியே. அந்தக் கிணத்துல அவுக வாளி விட்டா ஊரு சும்மா விட்டுருமாலே?"

சம்சாரி வீட்டுப் பையன் முகம் வெளுத்துவிட்டது. மதுரை டவுன் பையன்கள் ரெண்டு பேரும் எழுதுவதை நிறுத்தினார்கள்.

"நீ ஓடை தாண்டவே இல்ல, அப்படித்தானே?"

"எங்க அக்காவ இந்த ஊர்லதான் குடுத்திருக்கு" என்றான் அவன். "நான் சேரிக்குள்ள போனேன்னு தெரிஞ்சா மாமியா வீட்டுல அவள வாழ விடமாட்டாக. ஆலமரத்தடியில உக்காந்து எழுதிட்டேன்."

அடப் பாவி! கை ஓங்கிவிட்டேன். "மூட்டையைக் கட்டுடா. உன் பேரை அறிக்கையிலிருந்து அடிச்சிட்டுத்தான் மறுவேலை!" என்று கத்தினேன்.

வேதக்காரப் பையன் எழுந்து குறுக்கே வந்தான். "அவன அனுப்பிட்டா வேல யாரு பாக்குறது சார்? இன்ஜினியர் மூணு மணிக்குத் திருச்சுழிய விட்டுக் கிளம்பிருவாரு. கிணறு சேரிக்கில்ல வரணும்? இதப் பாத்துத்தான நீங்களும் கையெழுத்துப் போட்டீக?"

ஓங்கிய கையை இறக்கினேன். பத்து நாளில் எல்லாத் தெருவுக்கும் மேற்பார்வைக்குப் போனேன். ஓடையை மட்டும் நானும் தாண்டவில்லை. என்னை யார் தடுத்தது? ஒருவருமில்லை. ஊர்க்கிணறு என்று படித்ததும் எனக்கு அதில் தப்பே தெரியவில்லை. நானும் ஊர்க்கிணற்றில் தடையில்லாமல் நீர் இறைக்கிற வீட்டில் பிறந்தவன்தான்.

ஐந்து பேரும் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆளுக்கு நாலைந்து வீடு. சம்சாரி வீட்டுப் பையன் முதல் வீட்டு வாசலில் நின்று கேட்டான், நான் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மாள் எங்களை நிமிர்ந்து பார்க்கவே தயங்கினாள்.

"ஊர்க்கிணத்துக்கு எட்டக் குடத்தோட நிப்போம் சாமி. யாராச்சும் ஊத்துனா உண்டு. இல்லாட்டி ஓடையில ஊத்துத் தோண்டணும், அது உப்பு."

"யாரு ஊத்துவாக?"

"ஒங்க அக்கா ஊத்துவாக. அவுக வீட்டுக்கு நீங்க வந்து போறதப் பாத்திருக்கேன். பாத்தாக்க ரெண்டு வாளி ஊத்தாமப் போகமாட்டாக."

அவன் பென்சில் நின்றுவிட்டது. நான்தான் அவன் கையிலிருந்து தாளை வாங்கி எழுதினேன்.

கிளம்பும்போது அவள் கேட்டாள்: "எழுதிட்டீகள்ல சாமி? கெணறு வந்துருமா?"

"வந்துரும்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருந்தது?

ரெண்டரை மணிக்கு ஒரு சைக்கிள் கிடைத்தது. சம்சாரி வீட்டுப் பையன்தான் மிதித்தான், நான் பின்னால் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "மணி என்ன சார், மணி என்ன சார்" என்று கேட்டுக்கொண்டே மிதித்தான். நாங்கள் திருச்சுழி போய்ச் சேரும்போது இன்ஜினியர் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். தாள்களைப் பொறுமையாகவே பார்த்தார்.

"உத்தரவு காலைத் தபால்ல போயிருச்சே சார். வடக்குத் தெருவுக்கு. ஊருக்கு ஒண்ணுதான்." என் பழைய கடிதத்தை எடுத்து நீட்டினார். "இது உங்க கையெழுத்துத்தானே?"

என்னுடையதுதான். கெஞ்சினேன். அவரும் என்ன செய்வார்? இன்னொரு கிணற்றுக்கு மனுப் போடச் சொன்னார். பிறகு மூன்று மனுப் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

சைக்கிளை அங்கேயே கொடுத்துவிட்டு, கரியில் ஓடும் அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினோம். ஊர் விலக்கில் மற்ற மூவரும் மூட்டைகளோடு நின்றார்கள். அவர்கள் ஏற, அவன் எழுந்தான்.

"எங்கடா?"

"அந்த அம்மாகிட்ட வராதுன்னு சொல்லிட்டு வாரேன் சார். பாத்துக்கிட்டு இருப்பாக."

"உங்க அக்கா?"

"அவகிட்டயும் சொல்லிட்டுத்தான் போகணும்."

இறங்கி நடந்தான். விலக்கை ஒட்டிய ஊர்ச் சாவடியில் பத்துப் பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே ஓடைக்குள் இறங்கினான். வேதக்காரப் பையன், "இருலே, நானும் வாரேன்" என்று குதித்து அவன் பின்னால் ஓடினான்.

அந்தப் பெண்ணுக்கு வந்துரும் என்று சொன்னவன் நான். கண்டக்டர், "இன்னும் யாராச்சும் எறங்கணுமா?" என்று கேட்டார். நான் தாள்களை மடியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பஸ் கிளம்பிவிட்டது.