ஆற்றுக்கு அக்கரையில் ஓட்டு இல்லை

பிறர் காசை எந்த ஊரில் கொட்டுவது என்று சொல்வதுதான் மார்லிஸ் டீட்மனின் பிழைப்பு. அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் ஆற்றோர ஊரான சூ சிட்டியில் தேர்தலுக்கு நிற்கிறவர்கள் விளம்பரம் போட முப்பது வருஷமாக அவளிடம்தான் வந்தார்கள். அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு படம். எந்தத் தொலைக்காட்சி எந்த ஊர்வரை தெரியும், எந்த வானொலி எதுவரை கேட்கும் என்று வண்ணப் பென்சிலால் போட்ட வட்டங்கள். அந்த வட்டங்களுக்கு மாநில எல்லை ஒரு பொருட்டில்லை. சூ சிட்டியில் ஒரு விளம்பரம் போட்டால் பாதி அயோவாவில் தங்கும், பாதி ஆறு தாண்டிப் பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவுக்கு ஓடிவிடும். ஒரு தேர்தலில் அக்கரைப் பன்றிகளெல்லாம் இக்கரை வேட்பாளர் முகத்தைப் பார்த்துப் பார்த்து, அவர் நேரில் வந்தபோது வரிசையில் நின்று வரவேற்றன. பன்றிக்கு எங்கே ஓட்டு?

இன்னொரு தொழில் ரகசியமும் உண்டு. நிற்கிறவர் தன் முகத்தைத் தானே பார்க்காவிட்டால் சோர்ந்துவிடுவார். அதனால் அவர் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு விளம்பரப் பலகை, அவர் சாப்பிட உட்காருகிற நேரத்துக்கு ஒரு தொலைக்காட்சி விளம்பரம் என்று மார்லிஸ் எப்போதும் செருகிவைப்பாள். குழந்தைக்கு மிட்டாய் மாதிரி.

அந்த ஜூன் மாதம் மிட்டாய்க்குக் காசில்லை. மாட்டு வைத்தியர் கேலன் ஆஸ்டர்கார்ட் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நிற்க ஆசைப்பட்டார். முதலில் கட்சிக்குள் நடக்கிற ஓட்டெடுப்பில் ஜெயிக்க வேண்டும். எதிரே நின்ற விதைச்சோள வியாபாரியோ தொலைக்காட்சியிலேயே குடியிருந்தார். பத்து நாள் இருக்கையில் கேலனிடம் மிச்சம் இருபத்தோராயிரம் டாலர்.

"மொத்தமும் தொகுதியோட அந்தக் கோடியில இருக்கிற ஃபோர்ட் டாட்ஜ் வானொலிக்கு," என்றாள் மார்லிஸ். "அங்கே பாதிப் பேர் இன்னும் யாருக்குன்னு முடிவு பண்ணல. டிராக்டர்ல உக்காந்து நாள் பூரா கேப்பாங்க."

"சூ சிட்டி டிவி?"

"ஒரு பைசா கிடையாது. இங்கே உங்க கையால ஊசி போட்டுக்காத மாடே இல்ல. புதுசா யாருக்கு உங்களைத் தெரியணும்?"

கேலன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "ஆறு மணிச் செய்தியில ஒரே ஒண்ணு போடுங்க, மார்லிஸ். அம்மா தெனமும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

அம்மா வெர்னாவுக்கு எண்பத்தொன்பது வயது. இருப்பது அக்கரையில், நெப்ராஸ்கா முதியோர் இல்லத்தில்.

"அந்த ஒண்ணோட காசுல ஃபோர்ட் டாட்ஜ்ல ஒரு நாள் முழுக்க விளம்பரம் போடலாம்," என்றாள் மார்லிஸ். சொன்னது சரிதான். ஆனாலும் அன்று மத்தியானம் அந்த ஆறு மணி விளம்பரத்தின் விலையை மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தாள்.

நாலு நாள் கழித்து வெர்னாவே போனில் கூப்பிட்டாள். "ஏம்மா, நாலு நாளா எம்புள்ளையக் காணோம். அந்தச் சோளக்காரன் மட்டும் பல்லைக் காட்டறான். எம்மவன் செத்துகித்துப் போயிட்டானா?"

மார்லிஸுக்குப் பொய் வரவில்லை. வட்டம், எல்லை, காசு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்படின்னா இங்கே உள்ள நாப்பது கிழங்களுக்கும் காட்டி ஒரு ஓட்டு வராதா?"

"வராதும்மா."

"அப்ப போடாதே. அவனை நேர்ல அனுப்பு. ஆறு மணிக்கு. அது சும்மாதானே?"

சும்மா இல்லை. வேட்பாளரின் சாயங்காலமும் காசுதான். ஆனாலும் மார்லிஸ் கேலனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். முதியோர் இல்லத்துக் கூடத்தில் நாற்பது நாற்காலி. வெர்னா தொலைக்காட்சியின் சத்தத்தை அமுக்கினாள். கேலன் அதன் பக்கத்தில் நின்று, வானொலியில் ஓடும் அந்த முப்பது விநாடிப் பேச்சை அப்படியே சொன்னார்.

கைதட்டல் இல்லை.

"பதினோரு தரம் 'நான்' சொன்னான்," என்றார் சக்கர நாற்காலியில் இருந்த பெரியவர் ஒருவர். "விரல் விட்டு எண்ணினேன்."

"நீ எப்படா இப்படிப் பேச ஆரம்பிச்சே?" என்றாள் வெர்னா. "அந்தப் பனிப்புயல்ல யார் வீட்டுப் பசுவோ கன்னு போட முடியாமத் தவிச்சப்ப ராத்திரி பூரா தோள்வரைக்கும் கைய விட்டுக்கிட்டு நின்னியே, அதைச் சொல்லு."

"அது ஓட்டுக்கு ஆகுமாம்மா?"

"இப்பப் பேசினது மட்டும் ஆகுதாக்கும்!"

கூடம் சிரித்தது. அவர் கன்றுக்குட்டிக் கதையைச் சொன்னார். மார்லிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்தெட்டு விநாடி. சுவரோரம் இருந்த ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மார்லிஸ் பழைய விளம்பரத்தை நிறுத்தி, கன்றுக்குட்டிக் கதையைப் பதிவு செய்து ஃபோர்ட் டாட்ஜுக்கு அனுப்பினாள். ஏற்கெனவே வாங்கிய நேரம்தான், கூடுதல் செலவில்லை.

கேலன் அறுபத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஃபோர்ட் டாட்ஜில் மட்டும் எழுநூறு முன்னால். மறுநாள் சூ சிட்டி நன்கொடையாளர் ஒருவர் போனில் கத்தினார்: "என் வீட்டு டிவியில ஒரு தரம்கூட அவர் வரலியே! என் காசை என்ன பண்ணினே?"

"உங்க கண்ணுல படாத எடமாப் பாத்துப் போட்டேங்க," என்றாள் மார்லிஸ்.