செல்வி கேட்டதை நான் மொழிபெயர்த்த நாள்

இன்று மாமல்லபுரம் பஸ்ஸில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண், "டீச்சர், நான் செல்வி" என்றாள்.

எமர்ஜென்சி சமயம் நான் அங்கே ஆசிரியை. சுற்றுலா வந்த வெளிநாட்டு மாணவர்களோடு எங்கள் பிள்ளைகள் கலந்து பேச ஏற்பாடு செய்திருந்தேன். மொழிபெயர்ப்பும் நான்தான்.

மீனவர் குப்பத்துச் செல்வி எழுந்தாள். "ஓட்டல்காரங்க கரையில வேலி போட்டுட்டாங்கோ. நைனா இனிமே வலைய எங்க காயவெக்கும்?"

தலைமையாசிரியர் என் காதருகே குனிந்தார். "பொண்ணு நல்வரவு சொல்றான்னு சொல்லிடும்மா. என்னை உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க."

ஆனாலும் செல்வி கேட்டதையே ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஒரு வெளிநாட்டுப் பையன், "இதை யாரிடம் முறையிடுவீர்கள்?" என்றான். தமிழில் சொன்னேன்.

செல்வி என்னையே பார்த்தாள். "யார்கிட்ட டீச்சர்?"

தலைமையாசிரியர் மணியடிக்கச் சொல்லிவிட்டார். அந்த வாரமே என்னைக் கருங்குழிக்கு மாற்றினார்கள்.

"நீங்க போனப்புறம் கிளாஸ்ல ஒருத்தரும் கை தூக்கல டீச்சர்" என்றாள் இன்று.

இப்போது பாடம் நடத்தும் நண்பர்களே, உங்கள் வகுப்பில் கை தூக்குகிறார்களா? பாத்ரூம் போகக் கேட்பது கணக்கில் வராது.