கணவர்மாரையும் கூப்பிட்ட நஸீரா

கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகளுக்கு இலக்கமிட்டுக்கொண்டிருந்தபோது, நஸீராவின் மூத்த சகோதரர் தொலைபேசியில் அழைத்தார். "தங்கச்சி மௌத்தாப்போயிட்டா," என்றார். டெங்குக் காய்ச்சல் என்று லீவு எடுத்த நஸீரா இறந்துவிட்டாள். முதல்நாள்கூட, "பிரிட்ஜின்ரை வெப்பநிலையைப் பாத்துக்கொள்ளும்," என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள்.

அவளை அறிந்த உங்களில் பலருக்கு, ஸ்கூட்டரின் முன்புறம் ஐஸ் பெட்டியோடு கிளினிக் கிளினிக்காகத் திரிந்த பெண்ணாகத்தான் அவள் நினைவில் இருப்பாள். குடும்பம் புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் திரும்பியபின் இங்கேயே படித்தவள். திரும்பத் திரும்பக் கரு கலைவதற்கான மரபணுக் காரணங்களை அவளும் நானும் சேர்ந்து ஆராய்ந்தோம். இருவருக்கும் வருடாவருடம் புதுப்பிக்கும் தற்காலிக வேலைதான். அடுத்த வருடம் என்னவாகும் என்று நான் புலம்பினால், "முதல் இண்டைக்கு வந்த ஆக்களைப் பாப்பம்," என்பாள்.

கணவர்மாரிடமும் இரத்தம் எடுக்கவேண்டும் என்பதில் அவள் விட்டுக்கொடுத்ததே இல்லை. பலர் வரமாட்டார்கள். வந்தவர்களில் ஒருவர் தெல்லிப்பழைப் பக்கத்துத் தோட்டக்காரர். மனைவிக்கு மூன்று முறை கரு கலைந்திருந்தது. மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடும்படி அவருடைய தாய் நெருக்கிக்கொண்டிருந்தார். பரிசோதனையில் மனைவியிடம் ஒன்றுமில்லை. கணவரின் நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், இரண்டில் துண்டுகள் இடம்மாறியிருந்தன. அதனால் அவருக்கு ஒரு நோயும் இல்லை. கருவுக்குப் போய்ச் சேரும்போதுதான் அவை கூடிக்குறைந்து, கரு நிலைக்காமல் போகும்.

நானும் பக்கத்தில் இருக்க, நஸீரா இருவரையும் ஒன்றாக இருத்திச் சொன்னாள். கணவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா வெளியிலை நிக்கிறா. அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, மிஸ்."

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். அது உங்கடை விசயம்," என்றாள் நஸீரா. "ஆனா உங்கடை மனுசி இவ்வளவு நாளும் கேட்ட பேச்சையும் யோசியுங்கோ."

கணவர் எழுந்துபோய்த் தாயை உள்ளே அழைத்துவந்தார். "அம்மா, பிரச்சினை என்னட்டைத்தான்," என்றார்.

தாய் கதிரையில் மெல்ல அமர்ந்தார். பிறகு நஸீராவைப் பார்த்து, "அது என்னட்டையிருந்தும் வந்திருக்குமோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"வந்திருக்கலாம், அம்மா. அதிலை ஒருத்தற்றை பிழையும் இல்லை."

"இவனுக்கு முன்னம் எனக்கும் ரெண்டு தங்கேல்லை. அப்ப மாமி பேசின பேச்சு..." மருமகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நஸீரா என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அந்தத் தம்பதிக்கு அடுத்த பிள்ளை தங்கியது. பெண்பிள்ளை. இப்போது தவழ்கிறாள்.

எங்கள் முதல் ஆய்வுக் கட்டுரையில், 'தோல்வியடைந்த கர்ப்பங்கள்' என்று நான் எழுதியிருந்தேன். துறையில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நஸீரா அந்த வரியை வெட்டினாள்.

"ஆர் தோத்தது?" என்று கேட்டாள். "அவை பிள்ளையளை இழந்திருக்கினம். அப்பிடியே எழுதும்."

அன்றிலிருந்து நான் வேறுவிதமாக எழுதியதில்லை. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். இருவரும் தொடங்கிய இரண்டாவது கட்டுரையை இப்போது தனியே எழுதிக்கொண்டிருக்கிறேன். 'இழப்பு' என்று எழுதவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் என் கை சற்று நின்றுதான் போகிறது.