நுஸ்கியின் பம்பரும் றுவைஸின் கோடும்

மண்ணெண்ணெய் நனைத்த துணி, கார்ச் சக்கரத்தை மூடும் மட்காட் தகட்டின் மேல் போய் வந்தது. ஈரம் காயுமுன் உள்ளங்கை அதே வழியில் ஊர்ந்தது. விரல்கள் ஓரிடத்தில் தயங்கின. மரச் சுத்தியல் அங்கே மெல்லத் தட்டியது. மறுபடி துணி, மறுபடி உள்ளங்கை. கோடு நேரானது.

கிண்ணியாவில் கார்களுக்குத் தகர வேலை என்றால் றுவைஸைத்தான் கேட்பார்கள். அவருக்குச் சொந்தமாகக் கார் இல்லை. ஆனால் வீதியில் போகிற ஒவ்வொரு காரைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. பழைய கார்களில் முன் விளக்கிலிருந்து பின் விளக்கு வரை ஒரே கோடு ஓடும்; அதை வரைந்தவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருந்தது என்பார். இப்போதைய கார்கள் வாயைப் பிளந்த கலவாய் மீன்கள். விளக்குகளில் காரணமில்லாத கோபம் வேறு.

அந்தக் கோப முகத்தை ஊருக்குள் கொண்டுவந்தவன் நுஸ்கி. சல்லி ஊர்ப் பக்கம் பைபர் வள்ளம் செய்துகொண்டிருந்தவன், அதே பைபரில் பம்பர் செய்யத் தொடங்கியதும், றுவைஸின் வாடிக்கைக்காரர் பலர் பாலம் தாண்டி அவனிடம் போனார்கள்.

நிரோஜினி டீச்சரின் பழைய ஜப்பான் கார் மாட்டில் மோதி இடப்பக்க மட்காட்டும் பம்பரும் நொறுங்கியிருந்தன.

"மட்காட் உங்கட வேலை, பாஸ். பம்பர நுஸ்கியிட்டக் குடுக்கிறன். அவர் செய்யிறது புது மொடல் மாதிரி இருக்காம்."

"இந்தக் காருக்கா டீச்சர்? கிழவிக்குக் கூலிங் கிளாஸ் போட்ட மாதிரி இருக்கும்."

"போடட்டுமே, நல்ல வெயில்தானே!"

நுஸ்கி பட்டறைக்கு வந்து, அடிபடாத வலப்பக்கத்தில் அளவெடுத்துப் போனான். அவன் போனதும் றுவைஸ் சுத்தியலை எடுத்தார். சரியாக வந்திருந்த இடப்பக்க மட்காட்டின் கோட்டை அரை விரல் மேலே தூக்கினார். பம்பர் கோணலாக நிற்கும். பைபர் ஒட்டாது என்று ஊர் பேசும்.

பம்பர் வந்தது. வலப்பக்கம் பொருந்தியது; இடப்பக்கம் வாய் பிளந்து நின்றது.

"என்ட அளவு பிழைச்சிட்டு போல, நானா. இந்தப் பக்கத்த அரத்தால ராவிப் பாக்கிறன்," என்றான் நுஸ்கி, அண்ணனிடம் சொல்வது போல.

றுவைஸ் அப்போதுதான் பம்பரைப் பார்த்தார். அதில் கோப முகம் இல்லை. காரின் பழைய கோடு அதில் தொடர்ந்து, மெலிந்து, விளக்கின் கீழே முடிந்தது. அவர் செய்திருந்தாலும் அங்கேதான் நிறுத்தியிருப்பார்.

"டீச்சர் புது மொடல் எல்லோ கேட்டவ?"

"இந்தக் காருக்குச் சரிவராது எண்டு சொல்லிட்டன்."

"இப்பிடி முடிக்க எங்க படிச்ச நீ?"

"வள்ளத்திட முன்மூக்கு, அணியம், இப்பிடித்தானே முடியும், நானா," என்று சொல்லிக்கொண்டே நுஸ்கி அரத்தை எடுத்தான்.

ராவினால் அந்தக் கோடு செத்துவிடும்.

"தொடாத!" றுவைஸ் கத்திவிட்டார். "உன்ட அளவு சரி. பிழை என்ட பக்கம். நாளைக்கு வா."

தூக்கிய கோட்டைத் தட்டி இறக்க அன்று முழுவதும் போனது. மறுநாள் நுஸ்கி பம்பரைப் பூட்டினான். றுவைஸ் பெயின்ற் அடித்தார்.

காரை எடுக்க வந்த டீச்சர் நேரே பம்பரின் முன்னால் குனிந்தார்.

"புது மொடல் இல்லைத்தான். எண்டாலும் எவ்வளவு வடிவு! நுஸ்கிக்கு என்ன கை, பாஸ்!"

மட்காட்டை அவர் பார்க்கவே இல்லை. அது ஒருநாளும் அடிபடாதது போல இருந்தது.

"ஓம்," என்றார் றுவைஸ். கையைத் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டினார்.