தோற்ற வாரத்தில் லீவு கேட்காதே

வளைகுடாவில், முசஃபா சைட் ஆபீஸில், மேனேஜரின் நாற்காலிக்குப் பின்னால், ஆணியில் ஒரு கம்பளித் துண்டு தொங்கும். குளிருக்குக் கழுத்தில் சுற்றிக்கொள்வது. நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு, நடுவில் ஸ்காட்லாந்தின் ஏதோ ஒரு சிற்றூர்க் கால்பந்து அணியின் சின்னம். வெளியே இரும்பைத் தொட்டால் கை பொத்துப்போகும் வெயில். அந்த ஊரில் கம்பளியை மதித்த ஒரே மனிதர் எங்கள் போர்மேன் அண்ணன்தான். ஆபீஸுக்குள் நுழைந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார், சாமி படத்தைப் பார்ப்பதுபோல.

நான் அப்போது டிப்ளமோ முடித்து டைம் கீப்பராக வந்து சேர்ந்திருந்த புதிது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். எழுதப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தே பலமுறை ஏமாந்த குடும்பம் என்பதால், யார் சிரித்துப் பேசினாலும் இவனுக்கு இதில் என்ன லாபம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். போர்மேன் அண்ணன் விஷயத்திலும் அப்படித்தான். சனிக்கிழமை டூட்டி முடிந்து ரூமுக்கு வந்ததும் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் முகம் தொங்கிவிடும். மேல் கட்டிலில் படுத்திருந்த வெல்டர், அறந்தாங்கிக்காரர், என்னைக் கிள்ளினார்.

"தம்பி, இது பந்தயம்டா. நீ இங்கிலீசு படிச்சவன்தானே, சும்மா தண்ணி எடுக்கப் போறவன்மாரி போயி எட்டிப் பாரு."

இங்கே பந்தயம் கட்டினால் போலீஸ் வரும். ஒருவர் மாட்டினாலும் ரூமில் உள்ள அத்தனை பேரையும் விசாரிப்பார்கள். எட்டிப் பார்த்தேன். மூன்று கோல் வாங்கித் தோற்றிருந்தது ஓர் அணி. சின்னத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, ஆபீஸ் சுவரில் தொங்கும் அதே அணி. ஸ்காட்லாந்தின் நான்காம் டிவிஷனில் பத்தே அணிகள், அதில் இது பத்தாவது. பரமக்குடிக்காரரான போர்மேன் அண்ணனுக்கு இந்த அணியின்மேல் என்ன அக்கறை? என் சந்தேகம் கூடித்தான் போனது.

மறுவாரம் பஸ்ஸில் நேராகவே கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். "பந்தயமா? இந்த டீமு மேல கட்ட எனக்கென்ன கிறுக்கா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "மேனேஜர் ஊரு டீமுடா இது. ஜெயிச்ச வாரம் லீவு பேப்பரை நீட்டு, வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுருவாரு. தோத்த வாரம் நீட்டுனியோ, மாஃபி. அதோட கலாஸ்."

அரபியில், இல்லை என்றால் இல்லைதான், அதோடு கதை முடிந்தது என்று பொருள். அதனால் அந்த அணி ஜெயிக்கும்வரை லீவு பேப்பர்களைத் தன்னிடமே வைத்திருந்தார். அவற்றில் வெல்டருடையதும் ஒன்று. அவர் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் வரவில்லை என்றால் மாப்பிள்ளை வீட்டார் அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள். வெல்டருக்கு அவள் ஒரே தங்கை.

அதன்பிறகு எங்கள் ரூம் முழுவதும் அந்த அணிக்காக வேண்டிக்கொண்டது. முகம் தெரியாத கோல்கீப்பரைப் புதுக்கோட்டை வசவுகளால் திட்டினார்கள். ஒரு சனிக்கிழமை, மைதானம் பனியில் உறைந்துபோனதால் ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது என்று போர்மேன் சொன்னார். வெல்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "தரை ஐஸ் ஆயிருச்சாம்ல! யாருக்கிட்டண்ணே வுடுறீங்க கதைய?" நான் படித்துப் பார்த்து உண்மைதான் என்று சொன்ன பிறகும், என்னையும் சேர்த்தே சந்தேகமாகப் பார்த்தார். இன்னொரு வாரம் ஆட்டம் டிரா ஆனது. இப்போது நீட்டலாமே என்று கெஞ்சினோம். போர்மேன் மறுத்துவிட்டார். "அரை சந்தோசத்துக்கு அரை லீவுதான் கிடைக்கும். போயிட்டுப் பாதி வழில திரும்பி வாரியா?"

ஊரிலிருந்து வெல்டரின் தங்கை அழைத்தாள். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மாமன் பெயரைப் பெரிதாகப் போட்டிருக்கிறோம் என்றாள். அந்த வாரம் அணி ஐந்து கோல் வாங்கியது. திங்கட்கிழமை காலையில் வெல்டர் வேறொரு பேப்பர் எழுதச் சொல்லி, என்னையும் இழுத்துக்கொண்டு மேனேஜரிடம் போய்விட்டார்.

தாய்மாமன் மடியை ஆங்கிலத்தில் விளக்க எனக்கு வியர்த்துப் போனது. மேனேஜர் பொறுமையாகக் கேட்டார், கையெழுத்துப் போட்டார், இதை ஏன் முன்பே கொண்டுவரவில்லை என்றார். நான் துண்டைப் பார்த்தபடி, உங்கள் அணி தோற்றதற்கு வருத்தப்படுகிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அது முன்பிருந்த மேனேஜர் விட்டுவிட்டுப் போனதாம். இவருக்குக் கால்பந்தே பிடிக்காதாம்.

வெளியே வந்து போர்மேனைப் பிடித்தோம். "பழைய ஆளு அப்படித்தான்டா இருந்தாரு. இவரு வந்தும் அந்தத் துண்டைக் கழட்டலையே! நான் என்னத்தைக் கண்டேன்?" என்றார். அவர் கண்ணில் கள்ளம் தெரியவில்லை. ஆனால் அந்த மாதங்களில்தான் பைப் லைன் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த வெல்டிங்குக்கு டெஸ்ட் பாஸான ஆள் எங்கள் சைட்டில் அறந்தாங்கிக்காரர் ஒருவர்தான். அவர் லீவில் போனால் போர்மேனின் வேலை அப்படியே நின்றுபோயிருக்கும். அந்தக் கணக்கு அவர் மனதில் ஓடவே இல்லையா? அந்த அணி என்றைக்கும் ஜெயிக்காது என்று தெரிந்துதான் அதைக் காட்டினாரா? இப்போது ஷார்ஜாவில் என் கைக்கும் லீவு பேப்பர்கள் வருகின்றன. அவசர வேலை நடக்கும் நாட்களில், அதைச் சற்றுத் தள்ளிவைக்க ஒரு நல்ல காரணம் தேடச் சொல்லி என் மனமே எனக்குச் சொல்கிறது. அதனால் அவரை முழுதாக நம்பவும் முடியவில்லை, முழுதாகப் பழிக்கவும் முடியவில்லை.

கம்பெனி வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட் ஹெட் ஆபீஸிலிருந்து வந்து, டிக்கெட் போட்டு, வெல்டர் ஒருவழியாகக் கிளம்பினார். லீவு முடிந்து திரும்பி டூட்டிக்கு வந்த முதல் நாள், கேம்ப் பஸ்ஸின் படியில் போர்மேன் அவரை மறித்து, "என்னப்பா, காதுகுத்துக்குப் போயிச் சேந்தியா?" என்று உரிமையோடு கேட்டார்.

வெல்டர் படியில் ஒரு காலை வைத்தபடி சொன்னார்.

"சேந்தேண்ணே. நான் போறப்ப புள்ள தோடு போட்டுக்கிட்டு வாசல்ல வெளையாண்டுக்கிட்டு இருந்துச்சு."

போர்மேன் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். சைட் வரும்வரை திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்னால் இருந்த எனக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது.