மைக்காரரின் மகள் விலாசம்

அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மைக்காரர் என்றால் கடைசி அறையைக் காட்டுவார்கள். மாநிலம் முழுக்கக் குழந்தைகளுக்கு அரசு உதவித்தொகை கொடுக்கும் அலுவலகம் அது. யாராவது ஃபைலின் நகல் கேட்டு மனுப் போட்டால், அவர்கள் பார்க்கக் கூடாத விலாசம், தொலைபேசி எண், நோய் விவரம் எல்லாவற்றின் மேலும் கறுப்பு மை பூசுவதுதான் அவர் வேலை. பூசினால் மட்டும் போதாது. அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடியில் இருக்கும் எழுத்து பல்லிளிக்கும். ஆகவே அதை இன்னொரு ஜெராக்ஸ் எடுத்து, அதைத்தான் வெளியே விடுவார். மை பூசிய தாளை அவரே கிழிக்கும் இயந்திரத்தில் விட்டுப் பொடியாக்கிவிடுவார்.

இருபத்தாறு வருடத்தில் ஓர் எழுத்து கசிந்ததில்லை. மேலதிகாரியே வந்து கேட்டாலும், "எழுதிக் குடுங்க சார், பாக்கலாம்" என்பார். கல்லுளிமங்கன் என்று திட்டாத ஆள் இல்லை. அந்தத் திட்டில் அவருக்கு ரகசியமாக ஒரு பெருமை.

இந்த மனிதர்தான் பெற்ற மகளைக் காட்டிக்கொடுத்தார். நாசூக்காகச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், புருஷனின் அடி தாங்காமல் மகள் கைக்குழந்தையோடு ஒரு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். இடத்தை அப்பாவுக்கு மட்டும் சொன்னாள். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கப்பா" என்றாள். நாலாம் நாள் மருமகன் வாசலில் வந்து உட்கார்ந்து தேம்பினான். "மாமா, கொழந்தைய ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன் மாமா." அலுவலகத்தில் மூன்று சான்று கேட்கிறவர், வீட்டு வாசலில் கண்ணீர் ஒன்றே போதும் என்று நினைத்துவிட்டார். சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே மகளின் கை இரண்டு இடத்தில் முறிந்தது. கட்டுப் பிரிப்பதற்குள் அவள் ஊரை விட்டே போய்விட்டாள். தேட வேண்டாம் என்று அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை அவர் மேசைக்கு ஒரு ஃபைல் வந்தது. நகல் கேட்டிருப்பது மருமகன். குழந்தையின் ஃபைல். அப்பன் என்ற முறையில் நகல் கேட்க அவனுக்கு உரிமை உண்டு. விலாசத்தைப் பார்க்கத்தான் உரிமை இல்லை.

சொந்தக்காரர் ஃபைல் வந்தால் திறக்காமல் எதிர் மேசைக்குத் தள்ள வேண்டும். அது விதி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவரே அவர்தான். ஆனால் மூன்று வருட ஏக்கம் விதியைக் கேட்குமா? அட்டையைத் திறந்துவிட்டார்.

முதல் பக்கத்தில் விலாசப் பாதுகாப்பு மனு. 'விலாசம் யாருக்குத் தெரியக் கூடாது?' என்ற கேள்விக்குக் கீழே மகளின் குண்டு குண்டான கையெழுத்து. ஒன்று, கணவர். இரண்டு, என் அப்பா. காரணம் எழுதும் இடத்தில்: 'அப்பா கெட்டவர் இல்லை. யாராவது அழுதால் சொல்லிவிடுவார்.'

திட்டி எழுதியிருந்தால் தாங்கியிருப்பார். இதை அவரால் தாங்க முடியவில்லை. விலாசம் அடுத்த பக்கத்தில் இருந்தது. ஒரு தாளைப் புரட்டினால் போதும், விரல் அதன் ஓரத்தில்தான் இருந்தது. அவர் அட்டையை மூடினார். எழுந்து போய் எதிர் மேசை அம்மாவிடம் நீட்டினார்.

"என் பொண்ணோடது. மொதப் பக்கம் பாத்துட்டேன். அதையும் எழுதிக்கோங்க."

அந்த அம்மா பத்து வருடமாக அவரோடு ஒரே அறையில் இருப்பவர். மையை எடுத்தார், பூசினார், ஜெராக்ஸ் எடுத்தார். மைக்காரர் முகத்தைப் பார்க்கப் பார்க்க அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"சார், விலாசம் வேணாம். எந்த ஊருன்னு மட்டும் சொல்லட்டுமா? உங்ககிட்ட சொன்னா என்ன ஆயிடப் போகுது?"

"வேணாம்மா."

"பாவம் சார், வீட்டுல உங்க சம்சாரமாவது..."

"சொல்லாதீங்க. என்கிட்ட சொன்னா தங்காது. அவளே எழுதியிருக்கா."

அவர் கண் நிறைந்திருந்தது. அந்த அம்மா மை பூசிய தாளை இயந்திரத்துக்குள் விட்டார். அது பொடியாகி முடியும்வரை மைக்காரர் சன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி வந்து நின்றாள். தினமும் கேட்கும் கேள்வி. "ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்ல" என்றார் அவர். மூன்று வருடமாகச் சொல்லும் அதே பதில். இன்றுதான் அது மகளுக்காகச் சொன்னது.